தெருமுனையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. மாதம் ஒரு முறை கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். சென்னைக்குள்ளேயே நான்கு கிலோமீட்டர். ஒரே பஸ், இறங்கினால் எதிரே ஆஸ்பத்திரி. போன மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை வழியில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். இருநூறு மீட்டர்கூட இருக்காது.

முதலில் டீக்கடை வாசலில் இரண்டு கேஸ் சிலிண்டர். அடுத்து பிளாட்பாரத்தின் மேலேயே வரிசையாக ஏழு பைக். அதைத் தாண்டியதும் ஆள் உயர மின்சாரப் பெட்டி ஒன்று, பிளாட்பாரத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு. ஓரிடத்தில் வடிகால் மூடி இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் குழிக்குள் வேப்பங்கிளையை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் பிளாட்பாரம் ஒரு முறை சரிந்து இறங்கி மறுபடி ஏறியது. மூன்றாவது கேட்டிலேயே அம்மா சாலைக்கு இறங்கிவிட்டார். பாதி தூரத்துக்கு மேல் நாங்கள் நடந்தது, நின்றிருந்த கார்களுக்கும் ஹாரன் அடித்தபடி வந்த தண்ணீர் லாரிக்கும் நடுவில்.

ஸ்டாப்பில் எவர்சில்வர் பெஞ்ச் இருந்தது. பதினோரு மணி வெயிலில் கை வைக்க முடியவில்லை. இருபது நிமிடம் கழித்து பஸ் வந்தது. முதல் படியைப் பார்த்ததுமே அம்மா சொல்லிவிட்டார்: “இந்த உயரம் எனக்கு ஆகாதுடா.” ஆட்டோ பிடித்தோம்.

நகரப் போக்குவரத்து என்று பேச்செடுத்தாலே மெட்ரோ, மேம்பாலம், மின்சாரப் பஸ், மொபைல் ஆப் என்றுதான் பேச்சு போகிறது. இவற்றில் பலவும் தேவைதான். ஆனால் பயணிக்குப் பயணம் ஒன்றே ஒன்று. வாசலில் செருப்பு மாட்டும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் அதைக் கழற்றும்போது முடிகிறது. அரசாங்கத்துக்கோ அது ஐந்தாறு துண்டு, துண்டுக்கு ஒரு துறை. துண்டும் துண்டும் சேருகிற இடத்தில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்தச் சேருமிடங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

பிளாட்பாரம் ஏன் இப்படி இருக்கிறது?

2008-ல் சென்னைப் பெருநகர் முழுக்க ஒரு பெரிய போக்குவரத்து ஆய்வு நடந்தது. அதன் கணக்குப்படி, இந்த நகரத்தில் நடக்கும் நூறு பயணங்களில் 28 முழுக்க முழுக்க நடை. 26 பஸ். டூவீலர் 25. சைக்கிளும் காரும் தலா 6, ரயில் 5. நடையும் பஸ்ஸும் சேர்ந்தாலே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கு பழசாகிவிட்டது, டூவீலரும் காரும் அதன்பிறகு எவ்வளவு பெருகியிருக்கின்றன என்பது எந்தச் சிக்னலில் நின்றாலும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் போகிறவர் முதலில் நடந்துதான் போகிறார், எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகிறவரும் அப்படியே. காரை நிறுத்திவிட்டு வருகிறவர்கூட கடைசியில் கொஞ்சம் நடக்க வேண்டும்.

இது ஆட்சியாளர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் சாரமே, நகர்த்த வேண்டியது மனிதர்களை, வண்டிகளை அல்ல என்பதுதான். எட்டு ஆண்டுகள் கழித்து, 2014-ல், சென்னை மாநகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. எஞ்சின் இல்லாத போக்குவரத்துக்கென்று, அதாவது நடைக்கும் சைக்கிளுக்கும் என்று, தனிக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநகரம் சென்னைதான். மாநகராட்சி போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. படித்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

பிறகு ஏன் எங்கள் தெருவில் வேப்பங்கிளை நிற்கிறது? பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பிளாட்பாரம் கட்டப்படுகிற விதம்.

சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும். நெடுங்காலமாகப் பல தெருக்களில் அப்படிச் செய்யவில்லை. பழையதன் மேலேயே புதியது. சாலை விரலளவு விரலளவாக உயர்ந்தது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரத் தொடங்கியதும் வீட்டுக்காரர்கள் வாசலை உயர்த்தினார்கள், பிளாட்பாரமும் அதற்கேற்ப உயர்ந்தது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டி, நடைபாதையின் விளிம்பு 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்கிறது. நம் ஊரில் பல இடங்களில் அது முழங்கால் வரைக்கும் வந்து நிற்கிறது. மூட்டு வலிக்காரர் அதில் ஏற மாட்டார். சக்கர நாற்காலி ஏறவே முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவரும் சாலையோரமாகவே போய்விடுவார்.

கேட் விஷயமும் அப்படித்தான். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். வீட்டுக்குள் போகும் கார்தான் சிறு சரிவில் ஏறி அதைக் கடக்க வேண்டும். நாம் தலைகீழாகக் கட்டுகிறோம். கார் மட்டத்துக்கு நடைபாதை இறங்குகிறது, பத்தடிக்கு ஒரு முறை. யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதை அந்தச் சிமெண்டுச் சரிவே சொல்லிவிடுகிறது.

தடையின்றி நடக்கக் கிடைக்க வேண்டிய அகலத்துக்கும் கணக்கு உண்டு: குறைந்தது 1.8 மீட்டர். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் உரசாமல் போகிற அளவு அது. நடுவில் ஒரு மின்சாரப் பெட்டி வந்துவிட்டால் 1.8 மீட்டர் இருந்தும் பயனில்லை. பெட்டியை வைத்தது ஒரு துறை, வடிகாலைத் தோண்டியது இன்னொன்று, கேபிளுக்கு வெட்டியது தனியார், பிளாட்பாரம் போட்டது மாநகராட்சி, சாலை பெரியதாக இருந்தால் அது நெடுஞ்சாலைத் துறை, அதன்மேல் நிற்கும் பைக்கை அகற்ற வேண்டியது போலீஸ். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் நடக்க வழி இருக்காது. ஏனென்றால் நடப்பவருக்குத் தடையில்லாமல் ஒரு வழி கிடைக்கிறதா என்று தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

முடியாதது என்று இல்லை. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அகலமான, ஒரே மட்டமான நடைபாதை, பழைய மரங்கள் அப்படியே, உட்கார இருக்கை, குழந்தைகள் விளையாட இடம். கார் வராவிட்டால் கடையில் கூட்டம் வராது என்ற பயம் அங்கே வியாபாரிகளுக்கு இருந்தது. இன்று மாலை நேரத்தில் போய்ப் பார்த்தால், கடைக்கு வந்தவர்கள் மட்டும் இல்லை, சும்மா உட்கார்ந்து பேச வந்த குடும்பங்களும் தெரியும். சென்னையில் காசு கொடுக்காமல் உட்கார, கடற்கரையை விட்டால் எத்தனை இடம் இருக்கிறது? எனக்கு அந்தத் தெருவில் ஒரே ஒரு குறை. அது ஒரு தெருவோடு நின்றுவிட்டது. வடசென்னையின் வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் அந்த அகலம் போய்ச் சேரவில்லை. உண்மையில் அங்கேதான் நடப்பவர்கள் அதிகம்.

பிளாட்பாரக் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நடைபாதையைச் சரிசெய்வது என்றதும் முதலில் அப்புறப்படுத்தப்படுபவர் பூக்காரம்மாதான். அவர் கூடை அடைப்பது மூன்றடி. பக்கத்தில் நிற்கும் கார் அடைப்பது பதினைந்தடி. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு அந்தத் தெருவில் வெளிச்சமும் ஆளரவமும் தருவது அந்தப் பூக்கடையும் இட்லிக் கடையும்தான். தெருவோர வியாபாரிகளுக்கான சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. விற்பனைக்கு எந்த இடம், நடக்க எந்த இடம் என்று பிரித்துக் கொடுக்க அதில் வழி இருக்கிறது. அகலமான நடைபாதையில் இருவருக்கும் இடம் உண்டு.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அவை இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு கூடாது என்றும் சொன்னது. சாலை விபத்துகளில் உயிர்கள் போவதைக் கண்டு கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. உடைந்த எலும்புகளை ஒட்டவைத்துக்கொண்டிருந்தவர், அவை எங்கே உடைகின்றன என்று கேட்கப் போனதில் பிறந்த வழக்கு.

ஒரு பஸ்கூட வராது, வந்தால் மூன்று வரும்

பஸ்ஸுக்காக நிற்கும் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. அரை மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு ஒரே நம்பர் போட்ட மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்குகிறார்கள், மூன்றாவதில் சீட் காலியாக இருக்கிறது. டிரைவர்கள் டீ குடித்துவிட்டுச் சேர்ந்து கிளம்புகிறார்கள் என்று திட்டுகிறோம். பெரும்பாலும் அவர்கள்மேல் தப்பில்லை.

நடப்பது இதுதான். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பஸ் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பஸ் ஒரு சிக்னலில் மாட்டி மூன்று நிமிடம் தாமதமாகிறது. அடுத்த ஸ்டாப்பில் அதற்குள் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரம் ஆகிறது, இன்னும் தாமதம். அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு நேர்மாறு: ஸ்டாப்பில் இருந்தவர்களை முன்னது அள்ளிக்கொண்டு போய்விட்டதால் இது நிற்கும் நேரம் குறைகிறது, வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. மூன்று நிமிடத்தில் தொடங்கிய கோளாறு, தடம் முடிவதற்குள் இரண்டு பஸ்ஸையும் ஒட்டவைத்துவிடுகிறது. ஸ்டாப்பில் நிற்பவருக்குப் பத்து நிமிட சேவை இருபது நிமிட சேவையாகிறது, பஸ் எண்ணிக்கை குறையாமலேயே.

‘ஸ்மார்ட்’ என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருக்கிறது என்றால் அது இங்கேதான். மாநகர் பஸ்கள் எங்கே வருகின்றன என்று மொபைலில் பார்க்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டது. நல்ல வசதி, இரவில் தனியாக நிற்கும் பெண்ணுக்குப் பஸ் ஐந்து நிமிடத்தில் வரும் என்று தெரிவதே ஒரு தைரியம். ஆனால் அதே ஜிபிஎஸ் தகவல் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் இன்னும் பெரிய உதவி. எந்தத் தடத்தில் இடைவெளி சிதைகிறது என்று அந்த நிமிடமே தெரியும்போது, பின்னால் வரும் பஸ்ஸை ஒரு ஸ்டாப்பில் இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கலாம். நடுவழியிலிருந்து ஒரு காலி பஸ்ஸை இறக்கிவிடலாம். பயணிக்குத் தாமதத்தைக் காட்டுவதோடு தொழில்நுட்பம் நின்றுவிடாமல், தாமதத்தைக் குறைக்கும் வேலைக்கு வர வேண்டும். போனே இல்லாத என் அம்மாவுக்கும் அப்போது பலன் கிடைக்கும்.

இன்னொரு வழி, பஸ்ஸுக்குத் தனித் தடம். ஒரு பஸ் சாலையில் அடைக்கும் இடம் ஏறத்தாழ மூன்று காருக்குரியது. அந்த மூன்று காரில் ஐந்து பேர் இருந்தால் பெரிது. பஸ்ஸில் அறுபது பேர். அந்த அறுபது பேரும் ஐந்து பேருக்குப் பின்னால் நிற்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி ரூபாய்த் திட்டம் போட முடிகிறபோது, கீழே இருக்கும் சாலையில் ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கிப் பார்க்க நமக்கு ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

பஸ் எண்ணிக்கையே போதாது என்பதும் உண்மை. லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால் நல்ல சேவை என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். சென்னைப் பெருநகரின் மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல். அப்படியானால் 6,000 பஸ்ஸுக்கு மேல் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகம் ஓட்டுவது 3,000-க்குக் கொஞ்சம் மேல். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களை அது தாங்குகிறது. மெட்ரோவில் நாளொன்றுக்குப் போகிறவர்கள் சுமார் மூன்று லட்சம். இரண்டாம் கட்ட மெட்ரோவின் 118.9 கி.மீ. முழுவதும் ஓடத் தொடங்கிய பிறகும் இந்த நகரத்தைச் சுமக்கப்போவது பஸ்தான். கண்டக்டரும் டிரைவரும் கையில் சில்லறையும் கழுத்தில் வியர்வையுமாகச் செய்யும் அந்த வேலைக்கு உரிய மரியாதை நம் பேச்சில் இருப்பதில்லை.

பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட் செய்த வேலை

2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பிறகு திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். ‘விடியல் பயணம்’ என்று பெயர். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது ஒரு வீட்டின் சம்பளத்தில் பெரும்பங்கு.

மிச்சமாகும் பணத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதற்குள் இருக்கும் இன்னொரு விஷயத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆண்களின் பயணம் பெரும்பாலும் நேர்க்கோடு: காலையில் வீட்டிலிருந்து வேலைக்கு, மாலையில் வேலையிலிருந்து வீட்டுக்கு. பெண்களின் பயணம் பூத்தொடுத்த மாதிரி. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து வேலை, வேலையிலிருந்து ரேஷன் கடை, வழியில் மாமியாருக்கு மாத்திரை, பிறகு மறுபடி பள்ளி. தூரம் குறைவு, ஏறி இறங்குவது அதிகம். நம் பஸ் கட்டணமோ ஏறுகிற ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். ஆறு கிலோமீட்டரை ஒரே பஸ்ஸில் போனால் ஒரு கட்டணம். அதையே மூன்று பஸ்ஸில் போனால் மூன்று குறைந்தபட்சக் கட்டணம். ஏறி இறங்குவதற்கே ஓர் அபராதம். அதனால்தான் கையில் பையும் தோளில் பிள்ளையுமாக இரண்டு ஸ்டாப் தூரத்தை நடந்தே கடந்தார்கள். பூஜ்ஜியத்தை எத்தனை தடவை கூட்டினாலும் பூஜ்ஜியம்தான். பஸ் மாறுவதற்கான அபராதம் சென்னைப் பெண்களுக்கு ஒரே இரவில் இல்லாமல் போனது.

இதே அபராதத்தை எல்லோருக்கும் நீக்கிய ஒரு நகரம் உண்டு: தென் கொரியாவின் சியோல். அங்கே பஸ்கள் தனியார் கையில் இருந்தன. லாபம் வரும் தடத்துக்கு அடிதடி, வராத தடத்தில் பஸ்ஸே கிடையாது. 2004 ஜூலை 1 அன்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். எந்தத் தடத்தில் எத்தனை பஸ் என்பதை நகர நிர்வாகம் முடிவு செய்யும். பஸ் கம்பெனிகளுக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் காசு, ஏறிய ஆளுக்கு அல்ல. நீண்ட தடத்துக்கு நீல பஸ், தெருக்களிலிருந்து ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க பச்சை பஸ் என்று நிறத்தாலேயே அடையாளம். சாலை நடுவே பஸ் தடங்கள். ஒரே கார்டு. பஸ்ஸிலிருந்து ரயிலுக்கோ இன்னொரு பஸ்ஸுக்கோ அரை மணிக்குள் மாறினால் கட்டணம் புதிதாகத் தொடங்காது. மொத்தத் தூரத்துக்குத்தான் காசு. தொடக்க நாட்களில் கார்டு இயந்திரங்கள் மக்கர் செய்து, மேயர் மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

சியோல் அத்தனை பாடுபட்டு வாங்கிய ஓர் அதிகாரம், அதாவது பஸ் தடங்களைப் பொது நிர்வாகமே தீர்மானிக்கும் அதிகாரம், நமக்கு 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தபோதே கைக்கு வந்துவிட்டது. அந்த அடித்தளம் இருக்கும்போது, மாறினால் கட்டணம் தொடரும் என்ற விதியை இங்கே கொண்டுவருவது எட்டாத காரியம் இல்லை. கூலி வேலைக்குப் போகும் ஆணுக்கும், கல்லூரி முடித்து வேலை தேடும் பையனுக்கும் அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

விடியல் பயணத்திலும் குறை உண்டு. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் பஸ்களில் அது செல்லாது. கையில் காசில்லாத பெண் டீலக்ஸை விட்டுவிட்டு வெள்ளைப் போர்டு மாட்டிய சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். பணம் மிச்சமாகிறது, நேரம் போகிறது. பெண்கள் மட்டும் நிற்கும் ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போகிறது என்ற புகார்களும் எழுந்தன. ஏறுகிற ஆளை வைத்துக் கலெக்‌ஷனைக் கணக்குப் பார்க்கும் வரை அந்தப் புகார் அடியோடு ஒழியாது. கிலோமீட்டர் கணக்கில் பணம் தரும் முறைதான் அதற்கு மருந்து. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து விடத் தொடங்கிய 120 தாழ்தள மின்சாரப் பஸ்கள் அந்த முறையில்தான் ஓடுகின்றன. கவனித்துப் பார்க்க வேண்டிய சோதனை.

சேருமிடங்கள்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88 ஏக்கர், விசாலமான கட்டடம், சுத்தமான தளம். தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. கோயம்பேட்டில் இறங்கினால் எதிரிலேயே மெட்ரோ. கிளாம்பாக்கத்தில் ரயில்பாதை ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது, ஆனால் முனையம் திறந்தபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. வண்டலூர் ஒரு புறம், ஊரப்பாக்கம் மறுபுறம். திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ராத்திரி முழுக்க வந்து, விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்கும் குழந்தையும் அரிசி மூட்டையுமாக இறங்கும் ஒரு குடும்பம் திருவொற்றியூர் போக வேண்டும் என்றால் என்ன செய்யும்? மாநகர பஸ்கள் விட்டார்கள், அது உதவியது. சாலையைக் கடக்க ஆகாய நடைபாதை, ரயில் நிலையம், விமான நிலையத்திலிருந்து 15.46 கி.மீ. மெட்ரோ என்று ஒவ்வொன்றாகத் திட்டங்கள் வந்தன. எல்லாமே முனையத்துக்குப் பிறகு. முதல் நாளே திறந்திருக்க வேண்டியது அந்த ரயில் நிலையம்.

இது புதிய பழக்கம் அல்ல. பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்தே கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்தால் தாம்பரம் ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த ஐந்து கிலோமீட்டர் வேலை 2008-ல் தொடங்கியது. நில எடுப்பு வழக்குகளில் மாட்டிப் பதினைந்து ஆண்டுக்கும் மேல் இழுத்தது. அதுவரை அந்த ரயில் பாதி காலியாகவே ஓடியது. பெரிய பெரிய நிலையங்கள், இருட்டான படிக்கட்டுகள், வெளியே வந்தால் பஸ் ஸ்டாப் எங்கோ. ஆள் வரவில்லை என்று ரயிலைக் குறை சொன்னோம்.

இதைச் சரிசெய்யத்தான் கும்டா என்று எல்லோரும் சொல்லும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். பஸ், ரயில், மெட்ரோ, சாலை, போலீஸ் எல்லாம் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்கான அமைப்பு. சட்டம் 2010-ல் வந்தது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள், அதே காலத்தில் மெட்ரோ திறந்து 54 கி.மீ. ஓடத் தொடங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் பஸ், எலெக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே ஆப்பில் டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்று’ வந்தது. மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரே டிக்கெட் வேறு, ஒரே கட்டணம் வேறு, ஒரே பயணம் வேறு. ரயிலிலிருந்து இறங்கியவர் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடத்தில், நிழலில், படியேறி இறங்காமல் போய்ச் சேர முடிகிறதா என்பதைச் சிமெண்டும் கல்லும்தான் தீர்மானிக்கும்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் 570 மீட்டர் ஆகாய நடைபாதை வந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் நசுங்காமல் போக முடிகிறது, லிஃப்ட் இருக்கிறது. நல்லது செய்திருக்கிறார்கள். ஆனாலும் நடப்பவரை மேலே ஏற்றி அனுப்புவதையே எல்லா இடத்துக்கும் தீர்வாக்கிவிடக் கூடாது. கூட்டம் அப்படியிருக்கும் மாம்பலத்துக்கு அது பொருந்தும். சாதாரணச் சாலையில் ஒரு சிக்னலும் ஜீப்ரா கோடும், வண்டிகளை இருபது விநாடி நிறுத்தும் மனமும் போதும்.

தாழ்தள பஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மி.மீ. உயரத்தில் இருக்கும்; தாழ்தள பஸ்ஸில் 400 மி.மீ. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறித்தான் இந்தப் பஸ்கள் நம் சாலைக்கு வந்தன. 2024 ஆகஸ்டில் முதல் தொகுதி ஓடத் தொடங்கியது. ஸ்டாப்பில் நிற்கும்போது பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் தாழ்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் விரிகிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகக் கேட்டு வாங்கியது. இன்று அதில் பலன் அடைகிறவர்களில் கர்ப்பிணிகளும், பை தூக்கி வரும் வியாபாரிகளும், மூட்டு வலிக்காரர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் ஸ்டாப் வழியாகவும் இப்போது இரண்டு மூன்று தாழ்தள பஸ்கள் போகின்றன. சென்ற வாரம் அம்மா முதல்முறையாக அதில் ஏறினார். என் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் தானே தனியாகப் போய் வருகிறேன் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு வரும் வழியில், அந்த மூடியில்லாத குழியருகே வந்ததும் நின்றார். வேப்பங்கிளை காய்ந்து போயிருந்தது. “இதுவரைக்கும் மட்டும் நீ வந்து விட்டுட்டுப் போயிடு” என்றார்.